கால் வண்டி, அரை வண்டி

பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும்போது அம்மா டெய்லரிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வளர்ற பிள்ளைண்ணே, பாத்துத் தைங்க." அவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். பாவாடையின் அடிவிளிம்பில் நான்கு விரல் துணி உள்ளே மடிந்துவிடும். அடுத்த ஜூனில் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார்கள், அதற்கடுத்த ஜூனில் இன்னொன்றை. பிரித்த இடத்தில் மட்டும் நீலம் வெளுக்காமல் கோடு போட்டதுபோல் நிற்கும். வகுப்பில் யாருடைய பாவாடை எத்தனை வருடத்தது என்பதை அந்தக் கோடுகளை எண்ணியே சொல்லிவிடலாம். செருப்பும் அப்படித்தான். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் விட்டுத்தான் வாங்குவார்கள். நடக்கும்போது சளக் சளக்கென்று அடிக்கும். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. தொளதொள சட்டையும் பெரிய செருப்பும் பிள்ளையைக் கொஞ்சம் கோமாளியாக்கும், அவ்வளவுதான்.

அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு நான் சைக்கிள் வாங்கப் போனேன்.

மகளுக்கு அப்போது ஆறு வயது முடிந்து இரண்டு மாதம். திருச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கடைக்குள் நுழைந்ததும் கூரைக் கொக்கியில் தொங்கிய ஊதா நிற வண்டி ஒன்றைக் காட்டினாள். முன்னால் கூடை, ஹேண்டில் பிடியின் இரண்டு முனையிலும் பளபளவென்று குஞ்சம். கடைக்காரர் அதை இறக்கித் துணியால் ஒரு துடை துடைத்து, "20 இன்ச்ங்க. வளர்ற பிள்ளை, ரெண்டே வருஷத்துல கரெக்டா வந்துடும். 16 எடுத்தீங்கன்னா அடுத்த வருஷமே மாத்தணும்பீங்க" என்றார். அவர் ஏமாற்றவில்லை. என் மனதில் இருந்ததைத்தான் எடுத்துச் சொன்னார். மகளைத் தூக்கி சீட்டில் வைத்தார். ஒரு பக்கப் பெருவிரல் தரையைத் தொட்டது, அதுவும் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்ததால். "சைடு வீல் ஃப்ரீயாப் போட்டுத் தர்றேன், பயமே வேணாம்" என்றார். 6,500 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தோம்.

அந்தச் சைக்கிள் எட்டு மாதம் போர்ட்டிகோவில் நின்றது. கூடையில் முதலில் ஒரு பொம்மை இருந்தது. பிறகு துணி காயப்போடும் கிளிப்புகள் வந்து சேர்ந்தன. ஏறுவாள். நான் சீட்டின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் தெருமுனை வரை வருவாள். கையை எடுத்தால் அலறுவாள். சைடு வீல் இருந்தும் அலறினாள். "இவ்வளவு பயந்தாங்கொள்ளியா இருக்கியே" என்று நான் ஒருநாள் சொன்னேன். சொன்னதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, எழுதித்தான் வைக்க முடியும்.

ஒருநாள் வண்டி சரிந்து விழுந்தது. அவள் மேல் விழவில்லை, தரையில்தான். அதைத் தூக்கி நிறுத்தப் போனவள் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தாள், சீட்டைப் பிடித்து இழுத்தாள், பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று இரவு எடைமேடையை எடுத்துவந்தேன். நான் வண்டியைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தேன், தூக்காமலும் நின்று பார்த்தேன். சைக்கிள் 13 கிலோ. மகள் 18 கிலோ. என் எடை 58. அந்தக் கணக்குப்படி நான் 42 கிலோ வண்டியை ஓட்ட வேண்டும், விழுந்தால் தூக்கி நிறுத்தவும் வேண்டும். ஊரில் பால் கேன் கட்டிக்கொண்டு போகும் பெரிய சைக்கிள்கூட வெறும் வண்டியாக 20 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பிள்ளை பயந்ததில் என்ன தப்பு?

இத்தனைக்கும் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பெரிய சைக்கிளில் சின்ன உடம்பு என்ன பாடுபடும் என்பதற்கு என் வலது கெண்டைக்காலின் உள்பக்கத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. கீரனூர் பக்கம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் அம்மா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பது வயது. 1991, 92ஆம் ஆண்டுகளில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பெண் தொண்டர்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருந்ததால் சைக்கிளும் பாடத்தில் சேர்ந்தது. சாயங்காலமானால் பொட்டல், பள்ளி மைதானம், கண்மாய்க்கரை என்று எங்கு பார்த்தாலும் சேலையை இழுத்துச் செருகிய பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், நர்சுகள், பால்வாடி டீச்சர்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்கும்படி கலெக்டரே பேசினார்.

அப்படிக் கடனில் வந்ததுதான் அம்மாவின் வண்டி. ஆனால் அது பார் வைத்த ஆம்பளை சைக்கிள். லேடீஸ் சைக்கிள் அந்தச் சமயத்தில் கடைகளில் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், சாய்நாத்தும் அதையே பதிவு செய்திருக்கிறார்: சீட்டிலிருந்து ஹேண்டிலுக்குப் போகும் அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம். எங்கள் வீட்டில் அந்த இடம் நான்கு வயதுத் தம்பிக்கு. பாரில் துண்டைச் சுற்றி, அதன்மேல் ஒருக்களித்து உட்காரவைத்து, அவன் கையை ஹேண்டிலின் நடுவில் வைத்துவிடுவார். பின்னால் கேரியரில் சாக்பீஸ் டப்பாவும் சுருட்டிய சார்ட்டும். நான் நடந்து வருவேன்.

அம்மா வீட்டில் இருக்கும் நேரம் வண்டி என் கைக்கு வரும். தம்பிக்கு ஆசனமாக இருந்த பார் எனக்குத் தடுப்பாக இருந்தது. அதன் மேலே காலைத் தூக்கிப் போட உயரம் பத்தாது. அதனால் கம்பிக்குக் கீழே, முக்கோணச் சந்துக்குள் வலது காலை நுழைத்து அந்தப் பக்கப் பெடலை மிதிக்க வேண்டும். இடது கை ஹேண்டிலில். வலது கையால் பாரை அணைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு மொத்தமும் இடப்பக்கம் தொங்கும். அதைச் சரிக்கட்ட வண்டியை வலப்பக்கம் சாய்த்தே ஓட்ட வேண்டும். முதலில் முழுச் சுற்று வராது, மேலும் கீழுமாக அரைச் சுற்றுதான். டக் டக்கென்று ஒரு ஓசை. குரங்குப் பெடல். பாவாடை செயினில் மாட்டும். மாட்டினால் வண்டி சட்டென்று நிற்கும், நான் நிற்கமாட்டேன்.

குரங்குப் பெடலைப் பற்றிப் பேசும்போது என் வயதுக்காரர்களின் கண்ணில் ஒரு பெருமை வந்துவிடும். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' கதையை வைத்துக் கமலக்கண்ணன் 2024இல் எடுத்த படத்துக்கு 'குரங்கு பெடல்' என்றே பெயர். நானும் ஆசையாகப் பார்த்தேன். ஆனால் "நாங்கல்லாம் குரங்குப் பெடல்லயே கத்துக்கிட்டோம், இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அளவெடுத்து சைக்கிள் வேணுமாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். வேறு வழியில்லாததால் செய்த வித்தை அது. அளவான வண்டி அகப்பட்ட அன்று அத்தனை பிள்ளைகளும் குரங்குப் பெடலை விட்டுவிட்டார்கள், நானும் விட்டேன்.

எனக்கு அந்த நாள் கீரனூர் கடைவீதியில் வந்தது. வாடகை சைக்கிள் கடை. தகரக் கொட்டகைக்கு வெளியே வண்டிகள் உயர வரிசையில் நிற்கும்: கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி, முழு வண்டி. இந்தப் பெயர்கள் எந்தக் கம்பெனியும் வைத்தவை அல்ல. கம்பெனிக்காரர்கள் இன்ச்சில் சொல்வதை நம் ஊர் பின்னத்தில் சொன்னது, அரிசியையும் நிலத்தையும் சொல்வதுபோல. 'கால்' என்றால் நாலில் ஒன்று என்று எனக்குத் தெரியாது. கால் தரையில் படுகிற வண்டி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அந்த அர்த்தமும் ஒன்றும் மோசமில்லை.

அரை வண்டி மணிக்கு 75 காசு. கடைக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் வண்டி நம்பரையும் நேரத்தையும் எழுதுவார். நம்பர் பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார். பிறகு எதுவும் சொல்லாமல் காலைத்தான் பார்ப்பார். முழு வண்டி கேட்கிற பையனிடம் "போடா, முக்கா எடு" என்பார். ஸ்பேனரை எடுத்து சீட்டை ஒரு விரல் இறக்குவார். அவருக்கு அக்கறை பிள்ளையின்மேலா வண்டியின்மேலா என்று கேட்டால், வண்டியின்மேல்தான். சின்னக் கால் பெரிய வண்டியை எடுத்துப்போனால் ரிம் நெளிந்து வரும், போக்ஸ் கம்பி ஒடிந்து வரும். எந்தக் காரணமானால் என்ன, எனக்கு அரை வண்டி கிடைத்தது.

அம்மாவின் சைக்கிளில் மூன்று மாதம் மல்லாடியும் சீட்டில் உட்காராதவள், அந்த அரை வண்டியில் அரை மணி நேரத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். காரணம் சின்னது. பயம் வந்தால் காலை ஊன்றலாம். ஊன்ற முடியும் என்று தெரிந்ததும் ஊன்றவேண்டிய தேவை குறைந்துகொண்டே போயிற்று.

அடுத்த இரண்டு வருடத்தில் நான் முக்கால் வண்டிக்கு ஏறினேன். அரை வண்டி வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. யாரும் எதையும் "மாத்தணும்" என்று கவலைப்படவில்லை. வண்டிகள் கடையில் நின்ற இடத்திலேயே நின்றன, நாங்கள்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்தோம். சொந்த சைக்கிள் வாங்க வசதி வந்தபோதுதான் 'வளர்ற பிள்ளை' கணக்கு சைக்கிளுக்குள் நுழைந்தது. பணம் நம்முடையது, ஒரே வண்டியில் ஐந்து வருடத்தை ஓட்டிவிடப் பார்க்கிறோம். அதில் முதல் இரண்டு வருடத்தைப் பிள்ளை காத்திருந்தே கழிக்க வேண்டும்.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளை விஷயத்தில் 'வளர்ற பிள்ளை'க்கு இன்னொரு பொருள் உண்டு. நான் வயதுக்கு வந்த மாதம், அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்தபடி, "இனிமே என்னத்துக்கு சைக்கிளு, வளந்த பிள்ளை" என்றார். அதுவரை நான் வளர வேண்டும் என்று காத்திருந்தார்கள். வளர்ந்ததும் அதையே சொல்லி இறங்கச் சொன்னார்கள். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்தே, "நான் முப்பது வயசுல ஏறுனேன் அத்தே. இவ பன்னெண்டு வயசுல எறங்கணுமா?" என்றார். அப்பத்தா பதில் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேருடைய சைக்கிள் அந்த வருடம் அவர்கள் தம்பிகளுக்குப் போயிற்று. தமிழ்நாடு அரசு 2001–02இல் விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளிடமிருந்துதான் தொடங்கியது. பிறகுதான் மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் வந்தது. பாதியில் இறக்கிவிடப்படும் பிள்ளை யார் என்று அந்த வரிசையைப் போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. அரசின் சைக்கிள் வரும்போது பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயது. அதுவரை நடைதான், அல்லது அண்ணனின் கேரியர்.

திருச்சிக்குத் திரும்புகிறேன். எடை பார்த்த மறுநாள் கால் பார்த்தேன். சுவரில் முதுகு ஒட்ட நிற்கச் சொல்லி, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கவட்டு வரை ஏற்றி, புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரில் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு. கோட்டிலிருந்து தரை வரை 48 சென்டிமீட்டர். ஊதா சைக்கிளின் சீட்டை அடியோடு இறக்கி அளந்தால் 59. பதினோரு சென்டிமீட்டர் பள்ளம். அந்த வயதுப் பிள்ளை வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயரும், அதில் கால் பங்கு மூன்றரை போல இருக்கும் (கால் பங்கு என்றால் இங்கே நாலில் ஒன்று அல்ல, காலின் பங்கு). பாதம் முழுக்கத் தரையில் படிய மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். கடைக்காரரின் 'ரெண்டே வருஷம்' எங்கிருந்து வந்தது? அது ஓட்டத் தெரிந்த பிள்ளையின் கணக்கு. தெரிந்துவிட்டால் முன்பாதம் ஊன்றினால் போதும், சீட் உயர இருப்பதுதான் முழங்காலுக்கும் நல்லது. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இரண்டு பாதமும் முழுக்கப் படிய வேண்டும்.

கடையில் நாம் கேட்பதும் அவர்கள் சொல்வதும் சக்கர அளவு. 12, 14, 16, 20, 24. அட்டையில் பக்கத்திலேயே வயதும் போட்டிருப்பார்கள், 5–8 என்பதுபோல. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சாண் உயர வித்தியாசம் இருப்பதை அந்த அட்டை கண்டுகொள்வதில்லை. ஒரே 16 இன்ச் சக்கரத்தில் ஒரு கம்பெனியின் சீட் 48இல் நிற்கும், இன்னொன்றில் 54க்குக் கீழே இறங்காது. டேப்பை எடுத்துக்கொண்டு போவதுதான் வழி. புடவைக் கடையில் முந்தானையை விரித்து அளக்கும் நாம் சைக்கிள் கடையில் டேப்பை எடுக்கக் கூச்சப்படுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை, சைக்கிள் ஒரு காலத்தில் காலை அளந்துதான் செய்யப்பட்டது. 1870களில் இங்கிலாந்தில் ஓடிய ஆளுயரச் சக்கர வண்டியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் பிரம்மாண்டம், பின்சக்கரம் சாப்பாட்டுத் தட்டுபோல. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம், ஆனால் ஓட்டுபவரின் கால் பெடலை எட்ட வேண்டும். ஆகவே கால் நீளம் தெரியாமல் அந்த வண்டியை விற்கவே முடியாது. 1885இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி சங்கிலி போட்ட ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்த பிறகு சக்கரத்துக்கும் காலுக்கும் இருந்த கட்டாயம் விட்டுப்போயிற்று. எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே வண்டி. அது பெரிய நன்மை, மறுக்கவில்லை. கூடவே அளக்கிற பழக்கமும் போய்விட்டது.

பக்கத்து வீட்டு அக்காவின் மகன் விட்டுப்போன 16 இன்ச் வண்டி அவர்கள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. சிவப்பு, ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பாதி உரிந்திருந்தது. "எடுத்துட்டுப் போம்மா, இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு" என்றார். எங்கள் தெருமுனையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பஞ்சர் கடைப் பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடம்.

முதலில் மகளிடம், "பிரேக்கப் பிடி தாயி" என்றார். அவள் விரல்கள் லீவரை எட்டித் தொட்டன, மடக்க முடியவில்லை. லீவரின் கழுத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. எனக்கு அதுவரை தெரியாது. அதைத் திருகினால் லீவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு திருகு திருகி, கேபிளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, "இப்பப் பிடி" என்றார். பிடித்தாள். சக்கரம் நின்றது. அவள் முகத்தில் அப்போது வந்த ஆச்சரியத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது, ஊதா வண்டியை இவளால் ஒருநாளும் நிறுத்தியிருக்க முடியாது. நிறுத்தத் தெரியாததால்தான் ஓட்ட மறுத்திருக்கிறாள்.

அடுத்து சைடு வீல். "அதக் கழட்டி எறிங்க" என்றார். எனக்குத் தயக்கம். அவர் ஒரு வண்டியை எடுத்து என்னிடம் சாய்த்துக் காட்டினார். சைக்கிள் சாய்ந்துதான் திரும்பும். இடப்பக்கம் போக இடப்பக்கம் சாய வேண்டும். விழப்போகிற பக்கமே ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி எழுந்துகொள்ளும். சைக்கிள் கற்பது என்றால் இந்த ஒன்றைக் கற்பதுதான். சைடு வீல் போட்ட வண்டி சாயாது. அதில் ஓட்டிப் பழகிய பிள்ளை திருப்பத்தில் சாயாமல் ஹேண்டிலை மட்டும் திருப்புகிறது, மூன்று சக்கர வண்டியில் செய்வதுபோல. பிறகு கழற்றும்போது பழகியதை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பதிலாக அவர் பெடலைக் கழற்றச் சொன்னார். சீட்டை அடி வரை இறக்கி, பெடல் இல்லாமல் காலால் தரையைத் தள்ளிக்கொண்டு போகட்டும் என்றார். அன்று சாயங்காலம் நானே ஸ்பேனரை எடுத்தேன். வலது பெடல் வந்துவிட்டது. இடது பெடல் அசையவில்லை. எண்ணெய் விட்டேன், ஸ்பேனரைச் செருப்புக் காலால் மிதித்தேன். இன்னும் இறுகிற்று. மறுநாள் அவரிடம் போனால் சிரித்தார். "இடது பெடலுக்கு மரை தலைகீழும்மா. மிதிக்க மிதிக்கக் கழண்டுடக் கூடாதுல்ல, அதுக்காக." அதாவது நான் ஒரு மணி நேரம் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மரை கழன்றவள் என்று என்னைச் சொன்னால் தப்பில்லை.

பெடல் இல்லாத சைக்கிள் ஏதோ புதுநாகரிகம் என்று நினைத்திருந்தேன். பெரிய நகரக் கடைகளில் அப்படியே தனி வண்டியாக, கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். ஆனால் முதல் சைக்கிளே அதுதான். 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் மரத்தில் செய்து ஓட்டிய இருசக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது, காலால் உந்திப் போக வேண்டும். பெடல் வைத்த வண்டி பாரிஸ் தெருவுக்கு வர 1860கள் ஆயிற்று. நிமிர்ந்து நிற்பதற்கும் மிதிப்பதற்கும் இடையே உலகம் 40 வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் என் மகளிடம் இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எதிர்பார்த்திருக்கிறேன்.

ஒன்பது நாள் தள்ளிக்கொண்டு திரிந்தாள். முதல் இரண்டு நாள் பென்குவின் நடை. பிறகு நாலு தள்ளுத் தள்ளிவிட்டு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். எங்கள் தெரு கோயில் பக்கம் லேசாகச் சரியும். அந்தச் சரிவில் காலை நீட்டியபடி போய்த் திரும்பித் திரும்பி வந்தாள். பத்தாம் நாள் பெடலை மாட்டினேன், இம்முறை மரை பார்த்து. பின்னால் ஓட வேண்டும் என்று முந்தானையைச் செருகினேன். ஓட வேண்டியிருக்கவில்லை.

மற்ற விஷயங்களைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. கியர், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், டிஸ்க் பிரேக் எல்லாம் சின்ன வண்டியில் எடையைத்தான் கூட்டுகின்றன. அவற்றை விரும்புவது பெரும்பாலும் அப்பாக்கள். பெயரும் அப்படித்தான். சாம்பியன், ரேசர் என்று ஏதேதோ. நம் பிள்ளைகள் ஓட்டிய பிஎஸ்ஏ என்பதற்கு விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் வழியாக அந்தப் பெயர் நம் தெருவுக்கு வந்தது. அதில் போன எந்தப் பிள்ளைக்கும் துப்பாக்கி ஞாபகம் வந்திருக்காது. கூடை, குஞ்சம், மணி ஆகியவற்றைப் பிள்ளையின் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். ஊதா வேண்டும் என்றால் ஊதாதான். அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வண்டியைத் தரையில் படுக்கப்போட்டு, பிள்ளையையே தூக்கி நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அதை மறுபடி கொக்கியில் மாட்டிவிடச் சொல்லுங்கள்.

வளர்ச்சிக்குச் சைக்கிளிலும் இடம் இல்லாமல் இல்லை. சீட்டுக் கம்பியை மேலே இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பல் பல்லாக ஒரு கோடு வெட்டியிருக்கும், அதற்குமேல் தூக்கக் கூடாது என்று. அந்தக் கோடு தெரியும் வரை வண்டி பிள்ளையோடு வளரும், எங்கள் பாவாடை மடிப்புபோல. என் மகளுக்கு அது ஒன்றரை வருடம் வந்தது. மூன்று முறை சீட்டை உயர்த்தினேன். கம்பியில் துரு ஏறாத பளபளப்பான வளையங்கள் மூன்று, ஒன்றின்மேல் ஒன்றாக. நான்காவது முறை ஸ்பேனரை எடுத்தபோது கோடு வெளியே தெரிந்தது.

இப்போது அவளுக்கு எட்டரை வயது. கிளிப்புகளை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு ஊதா வண்டியைத் துடைத்துக் கொடுத்தேன். குஞ்சத்தை அவளே கழற்றிவிட்டாள், குழந்தைத்தனமாக இருக்கிறதாம். மூன்றாம் தெரு வரை தனியாகப் போய் என் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறாள். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பேத்தி வந்து நிறுத்தியதும் டயரை அமுக்கிப் பார்த்து, "பின்னாடி காத்துக் கொறயுது பாரு" என்பார்.

சிவப்பு வண்டி சும்மா நிற்கிறது. பிரேக் கட்டை இரண்டும் புதிது, பின் டயரை இந்த ஆவணியில்தான் மாற்றினேன். சீட் அடியில் 48 சென்டிமீட்டர். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டுவிட்டேன், யாருக்கு வேண்டுமானாலும் கொடு என்றுவிட்டார். உங்கள் வீட்டில் அந்த அளவுக்குக் கால் இருந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். வளரப்போகிற பிள்ளைக்கென்று வாங்கி வைக்க மட்டும் யாரும் வர வேண்டாம்.